பெயரற்ற முகங்கள்
யூலியா மார்கரெட் கமரனின் இலங்கைப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பு எதுவாயினும் அது தான் தோன்றிய சமுதாயத்தின் மனித உறவுகளைத் தன்னுட் பதித்துக்கொண்டே தோன்றுகின்றது. கவிதைக்கும் நாவலுக்கும் பொருந்தும் இவ்வுண்மை நிழற்படத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. ஒளியும் இரசாயனமும் சேர்ந்து உள்ளதை உள்ளவாறே பதிக்கையில் அங்கே கருத்துநிலைக்கு இடமேது என்பதே அவ்வெண்ணத்தின் அடிப்படை. ஆயின், கமராவுக்குப் பின்னால் நிற்பவர் யார், முன்னால் நிறுத்தப்படுபவர் யார், படத்தின் அடியிலே பெயர் எழுதும் உரிமை யாருக்குரியது, எழுதிய தாளைப் பேணும் நிறுவனம் யாருடையது என்ற வினாக்கள் எழுந்ததும் அந்த எளிமை கலைந்துவிடுகின்றது. பெண்களின் வாழ்வைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. பெண்கள் தாமே எழுதிவைத்த ஏடுகள் அரிதாகவுள்ள காலங்களைப் பற்றிப் பேசவல்ல சான்றுகளுள் நிழற்படம் முக்கியமானதொன்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவராக மதிக்கப்படும் யூலியா மார்கரெட் கமரன் தமது இறுதி ஆண்டுகளை இலங்கையிற் கழித்தவர்; 1879ஆம் ஆண்டு சனவரியில் மலைநாட்டிலே காலமாகிப் பொகவந்தலாவையிலுள்ள தேவாலய முற்றத்தில் அடக்கஞ் செய்யப்பட்டவர். 2003இல் வெளிவந்த அவரது படங்களின் முழுத் தொகுப்பு 1200க்கும் மேற்பட்ட படங்களைப் பட்டியலிடுகின்றது. அவற்றுள் இலங்கையில் எடுக்கப்பட்டவை 30க்கும் குறைவானவையே. அவரைப் பற்றிய நூல்களில் இச்சில படங்கள் பெரும்பாலும் ஒரு பின்னுரை போலவே இடம்பெறுகின்றன. ஆனால், அவரது கலையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே புலப்படுத்துபவை இப்படங்களே எனலாம்.

கமரன் அம்மையார் 1815இல் கல்கத்தாவிலே, கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1838இல் சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். 1848இல் இங்கிலாந்து சென்ற அக்குடும்பம் 1860இல் வைட் தீவிலே குடியேறியது. அங்குள்ள தமது இல்லத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டிம்போலா’ என்பதாகும். இலங்கையில் அவர்களுக்கிருந்த காணிகளின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பெரிய குடும்பமொன்றை நடத்திவந்த பெண் ஒருவர் அந்த வயதிலே புதியதொரு கலையை முதலெழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார் என்பது சாதாரணமான செய்தியன்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று; கோழிக்கூடு கண்ணாடிக் கூரையிட்ட படப்பிடிப்புக் கூடமாயிற்று. வீட்டுப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களையே அவர் கலைக்கூடமாக மாற்றிக்கொண்டார்.

அக்காலத்து ஈரக் கொலோடியன் முறை உடலுழைப்பை வேண்டிநின்ற ஒன்று. கண்ணாடித்தகட்டிலே கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே அதனை உருத்துலக்கிக் கழுவுதல் வேண்டும். கைகள் கறுக்கும், உடை பாழாகும், கிணற்று நீர் வாளி வாளியாக வந்துகொண்டேயிருத்தல் வேண்டும். படமெடுக்கப்படுபவரோ சில நிமிடங்கள் வரை அசையாதிருக்க வேண்டும். அம்மையாரின் படங்கள் முழுக் கூர்மையின்றி மென்மையாக இருந்தன. தகட்டின் கீறல்களையும் கைபட்ட தடங்களையும் அவர் மறைக்கவில்லை. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் இதனைக் கைத்திறனின்மை என இகழ்ந்தனர். ஆனால், அவரோ முகத்தின் புறக்கோடுகளைக் காட்டிலும் அதன் உள்ளொளியையே தேடினார். பிழை எனப்பட்டதை நடையாக மாற்றிக்கொண்டமையே அவரது சாதனை. படங்களைப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்தார், விற்பனைக்கு வைத்தார், ஒட்டுத்தாளிலே தமது பெயரையும், உயிருள்ளவரிடமிருந்தே நேராக எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் தம் கையாலேயே எழுதினார். 1865இல் தென் கென்சிங்டன் நூதனசாலை அவரது படங்களை விலைக்கு வாங்கியது. கலைஞர் என்ற பெயரைப் பெண்ணொருத்திக்கு எளிதில் வழங்காத சமுதாயத்தில் அப்பெயரைத் தாமே எழுதி நிலைநாட்டியவர் அவர். இவ்விடயம் மனங்கொள்ளப்படல் வேண்டும். பின்வரும் விமரிசனத்துக்கு இதுவே அடித்தளமாகும்.

அவரது இங்கிலாந்துப் படங்களைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகும். ஆண்கள் தத்தம் பெயராலேயே நிற்கின்றனர். ரெனிசன் ரெனிசனாகவும், கார்லைல் கார்லைலாகவும், டார்வின் டார்வினாகவும், வானியலறிஞர் ஹேர்ஷல் ஹேர்ஷலாகவுமே படத்தில் உள்ளனர். பெண்களிற் பெரும்பாலோர் பிறிதொருவரின் பெயராலே நிற்கின்றனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் மீண்டும் மீண்டும் கன்னிமரியாளாகின்றாள். சாப்போ என்னும் கிரேக்கக் கவிஞையாகவும் ஆகின்றாள். ஆணின் முகம் அவனது வரலாற்றைச் சொல்வது. பெண்ணின் முகமோ ஒரு கருத்தைத் தாங்கும் பாத்திரம். விக்ரோறியாக் காலக் கலைக்கொள்கையின் இவ்வேறுபாட்டை அம்மையார் முற்றாகக் கடந்துவிடவில்லை. மருமகள் யூலியா ஜக்சனின் 1867ஆம் ஆண்டுப் படங்கள் இதற்கு விதிவிலக்காகும். புராண உடையேதுமின்றி நேரே நோக்கும் அம்முகம், பிற்காலத்தில் வெர்ஜீனியா வுல்ஃபின் தாயாராகப் போகிறவரின் முகம், ஒரு தனிமனுசியின் முகமாகவே நிலைத்துவிட்டது.

எனினும் அப்பணிப்பெண்களின் இயற்பெயர்கள் அழிந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. மேரி றையன் என்ற சிறுமி தாயுடன் பிச்சையெடுத்து நின்றபொழுது அம்மையாரால் வீட்டுக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டவள். அவரது படங்கள் பலவற்றிலே தோன்றியவள். 1867இல் அவளை மணந்த ஹென்றி கொட்டன் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராக வீற்றிருந்தவர். இங்கிலாந்தின் ஏழைப்பெண் படத்தினுள்ளே வேறொருத்தியாக வேடமிட்டாலும், படத்துக்கு வெளியே அவளுக்கொரு பெயரும் கதையும் எஞ்சின. இதனை அளவுகோலாகக் கொண்டே இலங்கைப் படங்களை அணுகுதல் வேண்டும்.

இலங்கைக்கும் அக்குடும்பத்துக்குமிருந்த உறவு தற்செயலானதன்று. சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என மாணவர் அனைவரும் அறிந்த ஆணைக்குழுவின் உறுப்பினர். 1833ஆம் ஆண்டின் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்குக் காரணராயிருந்தவர். அவ்வாணைக்குழுவின் காலத்திலே, 1832இல், இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கூலி உழைப்புக்கும் தனியார் முதலுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது. அக்கதவின் வழியே வந்தது கோப்பிப் பெருந்தோட்டம். அதன் பின்னே வந்தனர் தென்னிந்தியத் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்த அவர்களுட் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். சட்டம் வகுத்த கமரன் தாமும் இங்கே பெருங்காணிகளை வாங்கினார். 1869இல் இலங்கையிலே தலைகாட்டிய கோப்பி இலைநோய் தோட்டங்களைச் சிறிது சிறிதாக அழித்தது. வருமானம் சுருங்கிய நிலையில், பிள்ளைகள் சிலர் இலங்கையிலிருந்தமையாலும், 1875இல் முதிய தம்பதியர் இங்கு வந்து சேர்ந்தனர். ஆகவே, அம்மையாரின் கமராவின் முன் நின்ற மக்களுக்கும் அவரது குடும்பத்துக்குமிடையில் இருந்தது வெறும் கலைஞர்–மாதிரி உறவன்று, நிலவுடைமையாளர்–உழைப்பாளர் உறவுமாகும்.

அவர் இங்கு படமெடுத்த ஆண்டுகளும் முக்கியமானவை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. அவ்வாண்டுகளில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோர் தொகை பெருகிற்று. அதே காலத்தில் ஹூப்பர் என்ற ஆங்கிலப் படையதிகாரி சென்னை மாகாணத்திலே பஞ்சத்தால் எலும்புந் தோலுமான மனிதரை வரிசையாக இருத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பாக்குநீரிணையின் ஒரு கரையில் பசித்த உடல் படமாகியது. மறு கரையில் அப்பசிக்குத் தப்பிவந்தோரின் உலகம் படமாகியது. இரண்டு தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் ஒற்றுமை தென்படும். இரண்டிலும் படமெடுத்தவரின் பெயர் உண்டு; படத்தில் உள்ளவரின் பெயர் இல்லை.

களுத்துறையிலே அரசாங்க உத்தியோகத்திலிருந்த மகனின் இல்லத்தில் அம்மையார் தங்கியிருந்தபோது, 1877இன் தொடக்கத்தில் மரியான் நோர்த் என்ற ஓவியர் அங்கு வந்தார். உலகெங்குந் தனியே பயணஞ்செய்து தாவரங்களை வரைந்தவர் அவர். இவரது 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இலண்டன் கியூ பூங்காவில், 1882இல் திறக்கப்பட்ட தனிக்கூடத்திலே இன்றும் காட்சிக்குள்ளன. காசுமீரக் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தென்னோலைகளின் நடுவே தம்மை நிறுத்தி அம்மையார் படமெடுத்ததை நோர்த் தமது நினைவுக்குறிப்புகளில் நகைச்சுவையுடன் விவரித்துள்ளார். அங்கேயே இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளூரவர் ஒருவரின் முதுகின் அழகில் மயங்கிய அம்மையார், தமக்குத் தோட்டமே இல்லாதபோதும், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். நகைப்புக்குரிய இச்சிறு சம்பவத்தினுள் ஒரு முழுச் சமூக உறவும் அடங்கியுள்ளது. நோர்த் விரும்பி வேடமணிந்தார். அனுபவத்தைப் பின்னர் எழுதினார். தமது பெயரிலே ஒரு கூடத்தையும் விட்டுச்சென்றார். அந்த மனிதருக்கோ வேலை கிடைத்தது முதுகினால். வரலாற்றில் எஞ்சியதும் அம்முதுகு மட்டுமே.

‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்ற 1878ஆம் ஆண்டுப் படம் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. அதிலே ஒரு முதியவரும் ஓர் இளம்பெண்ணும் இடம்பெறுகின்றனர். அதற்கு அம்மையார் எழுதிய குறிப்பின்படி, பெண்ணுக்கு வயது 12. முதியவரோ தாம் அவளது தந்தை என்றும் தமக்கு வயது 100 என்றும் கூறுகின்றார். இக்குறிப்பின் சொல்லமைப்பை அவதானித்தல் வேண்டும். முதியவரின் கூற்று ஐயத்தின் தொனியுடனாயினும் ஒரு கூற்றாகவே பதியப்படுகின்றது. அவர் பேசியிருக்கிறார், பேசியது கேட்கப்பட்டிருக்கிறது. சிறுமி எதுவும் பேசியதாகக் குறிப்பில்லை. அவள் ஒரு வயது, ஒரு மகள், அவ்வளவே. இருவருக்கும் பெயரில்லை. இரண்டு எண்கள் மட்டும் எழுதப்பட்ட இடத்தில் இரண்டு பெயர்கள் எழுதப்படுவதற்கு அத்தாளிலே இடமில்லாமற் போகவில்லை. எழுதவேண்டும் என்ற நினைவே எழவில்லை. ரெனிசனின் பெயரை எழுதிய அதே கை, தன் பெயரை ஒவ்வொரு தாளிலும் உறுதியுடன் பொறித்த அதே கை, இச்சிறுமியின் பெயரைக் கேட்கத் தவறிற்று. ஆணாதிக்கச் சமூகத்திலே தனது பெயருக்காகப் போராடிய பெண், குடியேற்றநாட்டுச் சமூகத்திலே இன்னொரு பெண்ணின் பெயரின்மையைக் காணவில்லை. அம்மையாரின் தனிப்பட்ட குணக்குறை என இதனைக் கொள்வது பொருந்தாது. பெண் என்ற ஒருமை, வர்க்கமும் இனமும் குடியேற்ற ஆட்சியும் வகுத்த எல்லைகளைத் தானாகவே அழித்துவிடுவதில்லை என்பதே இங்கு பெறப்படும் உண்மை.

இதனால் இப்படங்கள் கலைமதிப்பற்றவை என முடிவு கட்டுதல் அவசர விமரிசனமாகும். அக்காலத்துக் கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் படப்பிடிப்பு நிலையங்கள் இயங்கின. 1890இலே பிளாட்டே நிறுவனம் தோன்றியது. ‘தமிழ்ப்பெண்’, ‘சிங்களப்பெண்’, ‘தோட்டக் கூலி’ என வகைப்பெயர் சூட்டிய படங்கள் பயணிகளுக்கு ஆல்பங்களாகவும் பின்னர் அஞ்சலட்டைகளாகவும் விற்பனையாகின. அங்கே பெண் ஒரு வகையின் மாதிரி; நகையும் சேலைக்கட்டும் கூடையுமே பொருள். கோப்பி மறைந்து தேயிலை ஓங்கியதும், கொழுந்து பறிக்கும் பெண் ஓர் ஏற்றுமதிப்பொருளின் முத்திரையாகவே ஆக்கப்பட்டாள். இவற்றோடு ஒப்பிடுகையில் அம்மையாரின் இலங்கைப் படங்கள் வேறுபடுகின்றன. அவற்றிலே புராண வேடம் பெரும்பாலும் இல்லை. விற்பனைக்கான சிரிப்பும் இல்லை. இங்கிலாந்தில் அறிஞரின் முகத்துக்கு அளித்த அதே கனத்த மௌனத்தை அவர் இங்குள்ள உழைப்பாளரின் முகத்துக்கும் அளிக்க முயன்றார்.

இதற்குத் தொழில்நுட்பமும் துணைநின்றது. நெடுநேர ஒளிப்பதிவில் படத்திலுள்ளவர் வெறும் பொருளாயிருத்தல் இயலாது. மூச்சு, கண்ணிமை, தோளின் தளர்ச்சி ஆகியவை தகட்டிலே மெல்லிய கலங்கலாகப் பதிகின்றன. நொடிப்பொழுதுக் கமரா ஒரு தோற்றத்தைப் பறித்துக்கொள்கின்றது. ஈரத்தகடோ எதிரே நிற்பவரின் பொறுமையினின்றே உருவாகின்றது. அவ்வகையில் இப்படங்கள் கமரன் அம்மையாரின் ஆக்கம் மட்டுமல்ல. அசையாது நின்றவர்களின் உழைப்பும் அவற்றிற் கலந்துள்ளது. கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது உழைப்பே. கலைஞரின் நோக்கத்தை மீறி அவர்கள் தம்மைத் தாமே தகட்டிற் பதித்துச் சென்றுள்ளனர் என்று கூறுதல் மிகையாகாது.

இனி, இவை பேணப்பட்ட முறையை நோக்குதல் தகும். அம்மையாரின் படங்கள் நிலைத்தமைக்குப் பல காரணங்கள் உண்டு. அவரே அவற்றை நூதனசாலைக்கு விற்றார்; நண்பருக்கு ஆல்பங்களாக வழங்கினார்; பதிப்புரிமை ஏட்டிலே பதிந்தார். 1926இல் வெர்ஜீனியா வுல்ஃபும் ரோஜர் ஃபிறையும் முன்னுரைகள் எழுதி அவரது படங்களை நூலாக்கினர். இன்று இலண்டனின் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையும் அமெரிக்காவின் கெற்றி நூதனசாலையும் அவற்றைக் காத்துவருகின்றன. குடும்பம், செல்வம், சட்டம், நிறுவனம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒருவரை ஆவணத்தினுள் நிலைநிறுத்துகின்றன. இவற்றுள் ஒன்றேனும் அக்காலத் தோட்டப் பெண்ணுக்கு இருந்ததில்லை. அவளது பெயர் எழுதப்பட்ட இடங்கள் வேறு. தோட்டத்துச் செக்றோலிலே நாட்பேர் போடுவதற்காக எழுதப்பட்டது. கடன்தொகை குறித்த துண்டிலே, குடும்பத்தின் கடனோடு சேர்த்து எழுதப்பட்டது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை கடனே அவர்களது அடையாளச் சீட்டாக இருந்தது. ஆகவே, முகமுள்ள ஆவணத்திலே பெயரில்லை. பெயருள்ள ஆவணத்திலே முகமில்லை. இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்க இயலாதவாறு பிரித்துவைத்தது பெருந்தோட்ட அமைப்பேயாகும்.

மூன்றாவது ஆவணமொன்றும் உண்டு. அது தாளிலே தோன்றியதன்று. தோட்டப் பெண்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வேலைப்பாட்டிலும் தம் வாழ்வைத் தாமே பதிந்துவைத்தனர். கண்டிச்சீமைக்கு வந்த வழியும், கங்காணியின் கொடுமையும், கோப்பித் தோட்டத்திலே இழந்த உறவுகளும் அப்பாடல்களில் உயிர்வாழ்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை இவற்றைத் திரட்டி 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே தாமே பாடல்கள் இயற்றித் தொழிலாளர் மத்தியிற் பாடி, அம்மரபை அரசியற் குரலாக வளர்த்தவர். நிழற்படம் குரலற்ற முகத்தைத் தந்தது. நாட்டார் பாடல் முகமற்ற குரலைத் தருகின்றது. ஒன்று ஆள்வோரின் கூடத்திலே கண்ணாடிச் சட்டத்துள் உள்ளது. மற்றையது உழைப்போரின் நாவிலே இருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வே பெண்களின் வரலாற்றுக்கு வழிவகுக்கும்.

அவ்வாறு படிப்பதற்கு இங்குள்ள ஆவணங்கள் பேணப்படுதல் முதற்றேவையாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்தவற்றை மீளப் பெறுதல் எவராலும் இயலாது. வீட்டுப் பெட்டிகளிற் கிடந்த படங்களும் கடிதங்களும் பின்வந்த இடப்பெயர்வுகளிலே வழியிற் சிதறின. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. கம்பளைக்கு அண்மையிலே பழைய லயன் அறைகளில் அமைந்துள்ள தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகத்திலே, உழைப்போரின் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் படங்களும் பேணப்படுகின்றன. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேமித்துவருகின்றது. பெரிய நூதனசாலைகளின் வளத்தோடு ஒப்பிடுமிடத்து இவை சிறியவையே. ஆயினும் பெயரையும் முகத்தையும் குரலையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் வாய்ப்பு இவற்றுக்கே அதிகம்.

கமரன் அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே கோப்பியின் இடத்தைத் தேயிலை கொண்டுவிட்டது. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் அன்று பெயரற்றுப் படமானோரின் வழித்தோன்றல்களாயிருத்தல் கூடும். கல்லறையிலே பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பெயரை அழிப்பது விமரிசனத்தின் பணியன்று. அதற்கு அருகே வெறுமையாக விடப்பட்ட இடத்தைச் சுட்டுவதே அதன் பணி. ஒரு படத்தைப் பார்க்கும்போது எடுத்தவர் யார் என்று கேட்பது கலைவரலாறு. இதில் இருப்பவள் யார் என்று கேட்பது சமூகவரலாறு. களுத்துறைச் சிறுமியிடம் 1878இலே கேட்கப்படாத வினாவை, குறைந்தபட்சம் இன்று வீட்டுச் சுவரிலும் பெட்டியிலும் உள்ள படங்களின் முன்னாவது கேட்டு, விடையை அப்படங்களின் பின்புறத்திலே எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதாவிடின், பெயரின்மைக்கான பழி இனிமேல் குடியேற்ற ஆட்சியை மட்டுமே சாராது.